வெற்றுப் படத்தின் பயன்: வானப் படக்கலையில் சமவொளிப் படங்கள்

வானத்தைப் படம் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒவ்வோர் இரவும் சில பத்துப் படங்களை வெறுமையாகவே எடுக்கிறார்கள் என்று சொன்னால் பலர் வியப்படைவார்கள். அவற்றில் விண்மீன் இராது, நிலவு இராது, ஒண்முகிலும் இராது. கழுவி உலர்த்திய சாம்பல் நிறத் தாளைப் போல் இருக்கும். ஆனாலும் அந்த வெற்றுப் படங்கள் இல்லாவிட்டால் மற்றப் படங்கள் முழுப் பயன் தருவதில்லை. அவற்றைப் பற்றி நமது ஆண்டிதழில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

நான் ஜொகூர் மாநிலம் குளுவாங் மாவட்டத்தில் உள்ள லாயாங் லாயாங்கைச் சேர்ந்தவன். மலாய் மொழியில் இப்பெயருக்குப் பட்டம் என்று ஒரு பொருள். தகைவிலான் குருவிக்கும் அதுவே பெயர். எப்படிப் பார்த்தாலும் அண்ணாந்து பார்க்கச் சொல்லும் ஊர்தான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தெருவிளக்கைத் தாண்டி நடந்துவிட்டால் நல்ல இருட்டு. நிலநடுக்கோட்டிலிருந்து 2 பாகைக்கும் குறைவான தொலைவில் இருப்பதால், வடக்கிலும் தெற்கிலும் உள்ள விண்மீன்களில் ஏறத்தாழ எல்லாமே ஆண்டின் ஏதாவது ஒரு பருவத்தில் எங்களுக்குத் தெரியும். இதற்குக் கொடுக்கும் விலை, துருவ விண்மீன் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடப்பது. அதைப் பார்த்துத் தொலைநோக்கியை நிலைப்படுத்துவது இங்கு நடவாத காரியம். அதைவிடப் பெரிய விலை மேகம். ஆண்டு இறுதி மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஒரு விண்மீனும் கண்ணில் படாது. தெளிந்த இரவு ஒன்று வாய்த்தால் அதில் எடுத்த படங்களை வீணாக்க மனம் வராது. சமவொளிப் படத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பெயரைப் பற்றி ஒரு சொல்

இதை ஆங்கிலத்தில் ஃபிளாட் ஃபிரேம் என்பார்கள். சிலர் 'தட்டைப் படம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எந்தப் படம்தான் தட்டையாக இல்லை? இங்கே ஃபிளாட் என்பது வடிவத்தைக் குறிப்பதன்று. மேடு பள்ளம் இல்லாமல் எங்கும் ஒரே அளவாகப் பரவிய ஒளியைக் குறிக்கிறது. ஆகவே 'சமவொளிப் படம்' என்றே இக்கட்டுரையில் எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

கருவி செய்யும் மூன்று குறும்புகள்

ஒரே அளவான ஒளியைக் கருவிக்குள் செலுத்தினாலும் அது ஒரே அளவாகப் பதிவதில்லை. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது ஓர இருள். படத்தின் நடுப்பகுதிக்கு வந்து சேரும் அளவு ஒளி மூலைகளுக்கு வருவதில்லை. குழாயின் விளிம்பும் இணைப்பு வளையங்களும் சாய்வாக வரும் கதிர்களில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகின்றன. எதுவும் தடுக்காவிட்டாலும், சாய்ந்து விழும் ஒளி இயல்பாகவே குறையும். எளிய லென்சுக்கு இக்குறைவு சாய்கோணத்தின் கொசைன் மதிப்பின் நான்காம் அடுக்கைப் பின்பற்றும் என்பது ஒளியியல் பாடம். 20 பாகை சாய்வில் மட்டும் கணக்கிட்டாலே 22 விழுக்காடு ஒளி போய்விடுகிறது.

இரண்டாவது தூசி. ஒளியுணரிக்குச் சற்று முன்னால் இருக்கும் கண்ணாடியில் ஒரு துகள் ஒட்டினால் அதன் நிழல் வட்டமாகப் படத்தில் விழும். நடுவில் துணைக்கண்ணாடி உள்ள தொலைநோக்கியாக இருந்தால் அந்த நிழல் உளுந்து வடை போல நடுவில் ஓட்டையோடு இருக்கும். இந்த வடையின் அளவைக் கொண்டே தூசி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நிழலின் விட்டத்தைத் தொலைநோக்கியின் குவிவிகிதத்தால் பெருக்கினால், உணரியிலிருந்து தூசி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு படப்புள்ளியின் அகலம் 4.3 மைக்ரான் என்றும் நிழல் 200 புள்ளி அகலம் என்றும் கொள்வோம். விட்டம் 0.86 மில்லிமீட்டர். குவிவிகிதம் 6 என்றால் தூசி உணரியிலிருந்து ஏறத்தாழ 5 மில்லிமீட்டரில், அதாவது கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. நிழல் 1,000 புள்ளி அகலம் என்றால் தொலைவு 26 மில்லிமீட்டர். வடிகட்டியைக் கழற்றித் துடைக்க வேண்டும். தொலைநோக்கியின் முன் லென்சில் கிடக்கும் தூசியோ மிகப் பரவிப்போய்க் கண்ணுக்கே தெரியாது. பலரும் முன் லென்சைத்தான் விழுந்து விழுந்து துடைக்கிறார்கள்.

மூன்றாவது, உணரியின் புள்ளிகள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளானாலும் குணம் ஒன்றாக இல்லாமை. ஒரே ஒளிக்கு ஒரு புள்ளி சற்றுக் கூடுதலாகவும் மற்றொன்று சற்றுக் குறைவாகவும் பதில் சொல்லும். வேறுபாடு சிறிதுதான்; ஆனாலும் உண்டு.

பகலில் எடுக்கும் குடும்பப் படத்தில் இவை யாருக்கும் தெரிவதில்லை. வானப் படத்தில் ஏன் தெரிகிறது? ஒரு கணக்கைப் பாருங்கள். வானத்தின் பின்னணி ஒளி 1,000 அலகு என்றும், நாம் தேடும் மங்கலான ஒண்முகில் அதன்மேல் 20 அலகு என்றும் வைத்துக்கொள்வோம். மூலையில் 20 விழுக்காடு ஒளி குறைந்தால் அங்கே பின்னணி 200 அலகு இறங்கிவிடுகிறது. கருவி செய்த பிழை, நாம் தேடும் பொருளைப் போல் பத்து மடங்கு! ஒண்முகில் தெரிய வேண்டும் என்று மென்பொருளில் மாறுபாட்டை ஏற்ற ஏற்ற, அதற்கு முன்னால் ஓர இருளும் வடைகளும் எழுந்து நிற்கும்.

கழிப்பதா, வகுப்பதா?

சமவொளிப் படம் என்பது கருவியின் இந்தக் குறைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்த படம். எங்கும் ஒரே அளவான ஒளியை அதே தொலைநோக்கிக்குள் செலுத்தி எடுத்தால், படத்தில் தெரியும் மேடு பள்ளம் அனைத்தும் கருவியுடையவை. பிறகு வானப் படத்தை அதனால் வகுத்துவிடுகிறோம்.

ஏன் வகுக்க வேண்டும்? மூலையில் 200 அலகு குறைந்தால் 200 அலகைக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். படத்தின் நடுவில் பின்னணி 1,000, அதன்மேல் ஒரு விண்மீன் 500 என்க. அதே விண்மீன் மூலையில் இருந்தால் பின்னணி 800, விண்மீன் 400 என்று பதிவாகும். 200ஐக் கூட்டினால் பின்னணி 1,000 ஆகிவிடும். விண்மீனோ 400ஆகவே நிற்கும். பார்வைக்குப் படம் சரியாகிவிட்டது, அளவு பொய்யாகிவிட்டது. 0.8ஆல் வகுத்தால் பின்னணி 1,000, விண்மீன் 500, இரண்டும் சரி.

ஆனால் வகுப்பதற்கு முன் கழிக்க வேண்டியது ஒன்றும் உண்டு. ஒளியே படாவிட்டாலும் கேமரா தன் பங்குக்கு ஓர் எண்ணைச் சேர்த்தே காட்டும். மூடியை மூடிவிட்டு அதே நேர அளவில் எடுக்கும் இருட்டுப் படம் அதைத்தான் பதிவு செய்கிறது. இந்தக் கழித்தல், வகுத்தல் வேறுபாட்டை எனக்கு விளங்க வைத்தது பாட்டி சொன்ன ரப்பர்த் தோட்டக் கதை. பால் மரம் சீவிய காலத்தில் மாலையில் பாலை நிறுக்கும்போது வாளியின் எடையைக் கழிப்பார்கள். வாளியில் பால் நிறைய இருந்தாலும் கொஞ்சம் இருந்தாலும் கழிக்க வேண்டிய எடை ஒன்றே. இது இருட்டுப் படம். தராசே பத்துக்கு ஒன்பது காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நிறையக் கொண்டு வந்தவருக்கு நிறைய இழப்பு, கொஞ்சம் கொண்டு வந்தவருக்குக் கொஞ்சம் இழப்பு. இதைக் கழித்தோ கூட்டியோ சரிசெய்ய முடியாது, 0.9ஆல் வகுக்க வேண்டும். இது சமவொளிப் படம். வாளி எடையைக் கழிக்காமல் வகுத்தால் வாளிக்கும் சேர்த்துக் கூலி கிடைத்துவிடும் என்று பாட்டி சிரித்தார்.

அப்படித்தான் படத்திலும் நடக்கிறது. கேமரா 200 அலகைத் தானாகச் சேர்ப்பதாகக் கொள்வோம். மூலையில் உண்மை அளவு 800, காட்டுவது 1,000. கழிக்காமல் 0.8ஆல் வகுத்தால் 1,250. பிறகு 200ஐக் கழித்தால் 1,050. நடுப்பகுதியோ 1,000. மூலைகள் தேவைக்கு மேல் வெளுத்துப்போகும். சமவொளிப் படத்துக்கும் இதே விதிதான். அதன் நடுவில் 10,000, மூலையில் 8,000 இருக்க வேண்டிய இடத்தில் 2,000 கூடுதலாகச் சேர்ந்திருந்தால் 12,000, 10,000 என்று காட்டும். விகிதம் 0.8 என்பதற்குப் பதிலாக 0.83 ஆகிவிடும், திருத்தம் குறைந்துபோகும். ஆகவே சமவொளிப் படத்துக்கும் தனியாக அதே நேர அளவில் இருட்டுப் படம் எடுக்க வேண்டும். 'சமவொளிப் படம் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது' என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு நடந்திருப்பது இதுவே என்பது என் கணிப்பு.

நாலு மடிப்பு வேட்டி

சம ஒளி எங்கே கிடைக்கும்? ஆய்வுக்கூடங்களில் குவிமாடத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திரை ஒன்றைக் கட்டி விளக்கொளி பாய்ச்சுவார்கள். இல்லையேல் அந்தி வானத்தைப் பயன்படுத்துவார்கள். அந்தி வானம் முழுவதும் சமமாக இருப்பதில்லை. உச்சியிலிருந்து சூரியனுக்கு எதிர்ப்புறமாகச் சற்றுச் சாய்ந்த பகுதியே மிகச் சமமானது. அங்கே திருப்பி வைத்து, கதிரவன் மறைந்ததிலிருந்து விண்மீன்கள் வெளிப்படும் வரை உள்ள இடைவெளியில் எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்த இடைவெளி மிகச் சிறிது. இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகிறது. ஒரு பாகை இறங்க 4 நிமிடம். லண்டனில் மார்ச்சு மாதச் சமநாளில் அதே ஒரு பாகைக்கு 6 நிமிடத்துக்கு மேல் ஆகும். அங்கே தேநீர் குடித்துக்கொண்டு எடுக்கலாம். இங்கே கைக்கு ஓய்வில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒளிவாங்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இடையிடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்தினால், முந்திக்கொண்டு வரும் விண்மீன்கள் ஒரே புள்ளியில் விழாமல் இருக்கும். படங்களைச் சேர்த்து இடைநிலை மதிப்பை எடுக்கும்போது அவை மறைந்துவிடும்.

மேகம் கூடிய மாலைகளில் நான் வேட்டியை நம்புகிறேன். நன்கு துவைத்த வெள்ளை வேட்டியை நான்காக மடித்துத் தொலைநோக்கியின் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்து ரப்பர் வளையம் போட்டு, விடியற்காலை வானத்தை நோக்கித் திருப்பினால் போதும். வெளிநாட்டு நூல்களில் வெள்ளைச் சட்டையைச் சொல்வார்கள். வேட்டியில் தையல் இல்லை, பித்தான் இல்லை. ஆகவே நம்முடையதே மேல். கரையை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். எல்.இ.டி. ஒளிப்பலகை வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அவ்விளக்குகளில் பல கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. மிகக் குறுகிய நேரத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். வெள்ளைத் தாள் சிலவற்றை வைத்து ஒளியைக் குறைத்து, ஒரு விநாடி அளவுக்கு நேரத்தை நீட்டிக்கொள்வது நல்லது.

எவ்வளவு ஒளி? உணரி கொள்ளக்கூடியதில் ஏறத்தாழப் பாதி. ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு நடுப்பகுதியில் நிற்க வேண்டும். எத்தனை படம்? ஒரு புள்ளியில் 30,000 எலெக்ட்ரான்கள் சேர்ந்தால் அதன் இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 173; ஏறத்தாழ 0.6 விழுக்காடு. 25 படங்களைச் சராசரி எடுத்தால் அது ஐந்தில் ஒரு பங்காகி 0.12 விழுக்காட்டுக்கு வந்துவிடும். ஒரே ஒரு சமவொளிப் படத்தால் வகுத்தால், அதன் குறுணையை அருமையான வானப் படத்தின்மேல் நாமே தூவியதாகிவிடும். சேர்ப்பதும் வகுப்பதும் மென்பொருளின் வேலை. டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ஆகிய இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒளியின் சிறு குறைவு

இவ்வளவு பாடும் ஓர் அழகான படத்துக்காகத்தானா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அழகு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரில் ஒரு வானாய்வுக்கூடம் இருக்கிறது. அதை உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரையே அது இன்று தாங்கி நிற்கிறது, அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1977 மார்ச்சு 10 அன்று, யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்ச்சியை அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியால் அளந்துகொண்டிருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்னதாகவே விண்மீனின் ஒளி சிறிது நேரம் குறைந்து மீண்டது. பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அதை யுரேனசின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் விமானத்தில் பறந்து அளந்த அமெரிக்கக் குழு, கோளின் இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் பல ஒளிக்குறைவுகளைக் கண்டு, அவை வளையங்கள் என்று நிறுவியது. காவலூரில் பதிவான குறைவும் வளையத்தின் வேலையே. விளக்கம் மாறியது, அளவு மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் இல்லாதபடி அது நம்பகமாக எடுக்கப்பட்டிருந்தது.

அன்று பயன்பட்டது ஒளிமின் அளவி. ஒரு விண்மீனின் ஒளியை மட்டும் அளப்பது. இன்று நாம் கேமராவால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான விண்மீன்களை அளக்கிறோம். தனியாட்களும் வெளிக்கோள்களைத் தேடும் பணியில் பங்கு பெறுகிறார்கள். ஹெச்.டி. 209458 என்னும் விண்மீனின் முன்னால் அதன் கோள் கடப்பதை 1999இல் முதன்முதலாகக் கண்டபோது ஒளி குறைந்தது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இங்கேதான் தூசி வில்லனாகிறது. இரவு முழுவதும் தொலைநோக்கி மெல்ல நகர்ந்து, விண்மீன் ஒரு வடையின் மேல் ஏறி இறங்கினால், அதன் ஒளி 2 விழுக்காடு குறைந்து மீண்டதுபோல் வரைபடம் காட்டும். அது கோளா, தூசியா? சமவொளிப் படம் இல்லாதவரால் பதில் சொல்ல முடியாது.

கொடைக்கானலின் கதை இன்னும் சுவையானது. 1899இல் தொடங்கப்பட்ட அந்த வானாய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து வந்தார்கள். நூறாண்டுக் காலச் சூரியப் படங்கள்! பின்னாளில் அவற்றை எண்முறைப் படங்களாக மாற்ற 4,096க்கு 4,096 புள்ளிகள் கொண்ட கேமராக்களை நிறுவினார்கள். தகட்டுக்குப் பின்னால் வைக்கச் சமமான ஒளிமூலம் ஒன்றை அமைத்ததால், படியெடுக்கும் கருவியின் குறைகளைத் திருத்த வழி இருந்தது. ஆனால் 1910இலோ 1930இலோ படமெடுத்த கருவியின் குறைகளை என்ன செய்வது? நாம் இன்று எடுப்பதுபோல் சமவொளிப் படம் எடுக்கும் வழக்கம் அன்று இல்லை. இனி எடுக்கவும் முடியாது. எனவே ஆய்வாளர்கள் சூரிய வட்டத்தின் அமைதியான பகுதிகளைக் கொண்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு ஒளி எப்படிக் குறைய வேண்டும் என்று அறிந்து, படத்திலிருந்தே ஒளிச்சரிவைக் கணித்துப் பிரிக்கிறார்கள். பெரும் உழைப்பு. சூரியனின் செயற்பாடு நூறாண்டில் எப்படி ஏறி இறங்கியது என்பதை இத்தகடுகளிலிருந்தே அறிய வேண்டியிருப்பதால் அவ்வுழைப்பைத் தவிர்க்கவும் முடியாது.

திருத்தமும் ஒப்பனையும்

வடைகளை மென்பொருளால் அழித்துவிட்டால் போகிறது என்பவர்கள் உண்டு. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது இன்னும் எளிது. ஆனால் அப்படி அழிக்கும்போது, அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. சமவொளிப் படம் எதையும் ஊகிப்பதில்லை. தூசியின் நிழலில் 3 விழுக்காடு ஒளி குறைந்தது என்று அளந்து அந்த 3 விழுக்காட்டைத் திருப்பித் தருகிறது. முதலாவது ஒப்பனை, இரண்டாவது அளவை. சுவரில் மாட்டுவதற்கு எதுவும் சரி. அளவெடுப்பதற்கு இரண்டாவதுதான் உதவும்.

சமவொளிப் படத்தால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. எங்கள் ஊருக்குத் தென்கிழக்கே கூலாய், ஜொகூர் பாரு, அதற்கும் அப்பால் சிங்கப்பூர். அந்தப் பக்கத்து வானம் நள்ளிரவிலும் வெளுத்தே இருக்கும். அத்திசையில் எடுத்த படத்தில் ஒரு பக்கம் ஒளி கூடியிருந்தால் அது கருவியின் குறையன்று, வானத்திலேயே உள்ளது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த அவ்வொளியைக் கழிக்கத்தான் வேண்டும், வகுக்கக் கூடாது. முதலில் சமவொளித் திருத்தம், அதன் பிறகே நகரொளியைக் கழித்தல். வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. கேமராவைச் சிறிது திருப்பினாலும், குவியத்தைப் பெரிதும் மாற்றினாலும், வடிகட்டியைக் கழற்றி மாட்டினாலும் பழைய சமவொளிப் படம் பயன்படாது. வடைகள் இடம் மாறிவிடும், பழையவற்றால் வகுத்தால் கறுப்பு வடைக்குப் பக்கத்தில் வெள்ளை வடையும் முளைக்கும். எனவே எடுத்து முடிக்கும் முன் மழை வந்துவிட்டால் கேமராவைக் கழற்றாதீர்கள். மூடியைப் போட்டு, இணைப்பைத் தொடாமல், தொலைநோக்கியை அப்படியே வீட்டுக்குள் தூக்கிச் செல்லுங்கள். பனி ஈரம் உலர்ந்த பிறகு, மறுநாள் காலையில் சன்னலோரம் வைத்து வேட்டியைக் கட்டி இருபத்தைந்து படங்கள் எடுத்துக்கொண்டு, அதன் பின்னர் கழற்றலாம்.